புறா கடக்கும்வரை

கட்டடப் பராமரிப்பு இயக்ககத்தின் ஒன்பது மாடிகளிலும் பணிபுரியும் அனைவரின் மேலான கவனத்துக்கும் கொண்டுவரப்படுவது: புறா திரையைக் கடக்காதவரை எந்தக் கூட்டமும் தொடங்கியதாகாது. புறாவுக்கு முன் பேசிய பேச்சு பேசாத பேச்சு. புறாவுக்கு முன் எடுத்த முடிவு எடுக்காத முடிவு. புறாவுக்கு முன் குடித்த தேநீர் மட்டும் குடித்ததாகவே கொள்ளப்படும்.

இந்தச் சுற்றறிக்கை வந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இன்றும் தொங்குகிறது. தீயணைப்புக் கருவி தொங்க வேண்டிய ஆணி அது.

புறா என்பது இங்கே பறவையல்ல, ஒரு ஃபைல். அந்தக் காலத்து இயக்குநரின் மைத்துனர் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, படித்ததற்குச் சாட்சியாகச் செய்து கொடுத்த நாற்பத்தொரு வினாடி அசைபடம். வானத்திலிருந்து ஒரு செங்கல் விழும். அதன்மேல் இன்னொன்று விழும். கொத்தனாரோ சாரமோ இல்லாமல் செங்கற்கள் தாமாகவே ஒரு கட்டடமாகும். இயக்ககத்தின் மேற்பார்வையில் சொன்ன தேதிக்குள் முடிந்த ஒரே கட்டடம் அதுதான். அதன் பின்னால் சூரியன் உதிக்கும். கடைசியில் இடது ஓரத்திலிருந்து ஒரு புறா கிளம்பும். அதன் இறக்கைக்கு மேலே, கீழே என்று இரண்டே நிலைகள். நடுவில் ஒன்றும் கிடையாது. வலிப்பு வந்தது போலப் பறந்து வலது ஓரத்தில் மறையும். அதுவரை அறையில் உள்ள அனைவரும் எழுந்து நிற்க வேண்டும். மறைந்ததும் குறிப்பெழுத்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "கடந்தது" என்பார். பிறகுதான் பேனாவைத் திறப்பார்.

இந்தப் புறாவோடு எந்த உறவும் பகையும் இல்லாமல் மொட்டை மாடி மெஷின் ரூமில் ஒருவர் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு திங்கட்கிழமை, லிஃப்டைத் தாங்கும் எஃகு வடத்தை வழக்கம்போல் பழைய துணியால் துடைத்துக்கொண்டே வந்தபோது துணி மாட்டியது. துணி மாட்டினால் இழை அறுந்திருக்கிறது என்று பொருள். விளக்கைப் பிடித்து எண்ணினார். ஒரு சாண் நீளத்துக்குள் பதினோரு இழைகள். பத்தைத் தாண்டினால் லிஃப்டை நிறுத்து என்கிறது, சுவரில் ஒட்டியிருந்த அட்டை.

நேராகத் துணை இயக்குநரிடம் போனார்.

"சார், லிஃப்டை நிறுத்தணும்."

"எதுக்கு?"

"வடம் அறுந்துகிட்டு இருக்கு."

"அறுந்துடுச்சா, அறுந்துகிட்டு இருக்கா?"

"அறுந்துகிட்டு இருக்கு சார்."

"அப்ப நேரம் இருக்கு. ஸ்லைடு போட்டுக் கொண்டாங்க. குழுவுல வைப்போம்."

தானே சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். இவருக்கு முன்னால் இருந்த மெக்கானிக் அப்படித்தான் செய்தார். இப்போது அவர், லிஃப்டே இல்லாத ஓர் ஊரில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறார்.

இவருக்கோ இதில் சொந்த விஷயமும் ஒன்று இருந்தது. அவர் மனைவி அதே கட்டடத்தில் ஏழாவது மாடியில் டைப்பிஸ்ட். போன வருடம் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் நான்கு முறை அந்த லிஃப்டில் ஏறி இறங்கினார்.

"நாளையிலேருந்து நீ லிஃப்ட்ல ஏறாதே" என்றார் மெக்கானிக், சாயங்காலம் வீட்டில்.

"சரிங்க. ஏழு மாடியும் என்னை உப்புமூட்டை தூக்கிட்டுப் போயிடுங்க."

"விளையாடாதே. லீவு போடு."

"இருந்த லீவையெல்லாம் முட்டி தின்னுடுச்சு. பேசாம உக்காந்து சொல்லுங்க, நானே ஸ்லைடை அடிச்சுத் தர்றேன். உங்களுக்கு ஸ்பேனர்தான் பிடிக்கத் தெரியும்."

விதிப்படி முதல் ஸ்லைடு புறா. அதன் பிறகு மெக்கானிக்குடையவை ஐந்து. முதலில் வடத்தின் படம். இரண்டாவதில் இழைக் கணக்கு. மூன்றாவதில் அட்டையில் உள்ள விதி. நான்காவதில், இப்போதைய நிலையில் நாலு பேர் எடைக்கு மேல் லிஃப்ட் தாங்காது என்ற ஒரே வாக்கியம். ஐந்தாவதில் 'நிறுத்த உத்தரவு வேண்டுகிறேன்.'

"நாலாவதைச் சிவப்புல போடுறேன்" என்றார் மனைவி. "கருப்புல போட்டா படிக்காமலே கையெழுத்துப் போட்டுத் திருப்பிடுவாங்க."

முதல் கூட்டம் ஒன்பதாவது மாடி அரங்கில் கூடியது. இயக்குநர் நடுவில் உட்கார்ந்தார். எல்லாவற்றுக்கும் "பார்க்கலாம்" என்ற ஒரே சொல்லால் பதில் சொல்லியே அந்த நாற்காலிவரை வந்தவர் அவர். முந்தின மாதம்தான் இயக்ககம் முழுவதற்கும் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்திருந்தன. ப்ரொஜெக்டர் ஒளிர்ந்தது. எல்லோரும் எழுந்தார்கள். திரையில் ஒரு சாம்பல் நிறக் கட்டம் தெரிந்தது.

கட்டம் அப்படியே இருந்தது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். உட்கார்வதற்கு விதி இல்லை. நாற்பத்தொரு வினாடி கழிந்து, மேலும் நாற்பத்தொரு வினாடியும் கழிந்தபோது துணை இயக்குநர் மெதுவாகக் கேட்டார்:

"ஒருவேளை உள்ளுக்குள்ள ஓடியிருக்குமோ?"

குறிப்பெழுத்தர் தலையசைத்தார். "கட்டம் இருந்துச்சு சார். கடக்கல."

கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை அழைத்தார்கள். ஒன்பது மாடிகளிலும் அவருக்குக் கம்ப்யூட்டரம்மா என்றுதான் பெயர்.

"இது ரொம்பப் பழைய ஃபைல் சார். இதை ஓட்டுற சாஃப்ட்வேரை, செஞ்சவங்களே நிறுத்திட்டாங்க. புது மெஷின்ல ஓடவே ஓடாது."

"நம்மகிட்ட கேக்காம எப்படி நிறுத்தலாம்?"

"உலகம் பூரா நிறுத்திட்டாங்க சார்."

"உலகத்துக்குச் சுற்றறிக்கை கிடையாதும்மா" என்றார் துணை இயக்குநர். "நமக்கு இருக்கு."

மெக்கானிக் கையைத் தூக்கினார். "சார், என்னோடது அஞ்சே ஸ்லைடு. ரெண்டு நிமிஷம் கொடுத்தீங்கன்னா..."

"நீங்க பேசுறது எங்களுக்குக் கேக்குது" என்று துணை இயக்குநர் பரிவோடு சொன்னார். "கூட்டத்துக்குக் கேக்கலையே."

இயக்குநர், "பார்க்கலாம்" என்றார். எல்லோரும் லிஃப்டில் இறங்கிப் போனார்கள். மெக்கானிக் மொட்டை மாடிக்குப் போய் எண்ணினார். பதினைந்து.

பத்து நாள் கழித்து இரண்டாவது கூட்டம். இந்த முறை கம்ப்யூட்டரம்மா அந்த அசைபடத்தைப் பழைய மெஷின் ஒன்றில் ஓடவிட்டு, அதைச் சாதாரண வீடியோவாக மாற்றிக் கொண்டுவந்திருந்தார். செங்கல் விழுந்தது. சூரியன் உதித்தது. புறா வலிப்போடு கிளம்பி வலது ஓரத்தில் மறைந்தது. மெக்கானிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. குறிப்பெழுத்தர் பேனா மூடியில் கை வைத்தார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றார் துணை இயக்குநர். "இது புறா இல்லை. புறாவோட வீடியோ."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்றார் கம்ப்யூட்டரம்மா.

"எப்படிம்மா ஒண்ணாகும்? தாத்தா போட்டோ வீட்டுல மாட்டியிருக்கு. கும்பிடலாம், தூசி தட்டலாம். பத்திரத்துல கையெழுத்து வாங்க முடியுமா?" அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார்: "நான் இந்த இயக்ககத்துல இருபத்தாறு வருஷம் இருக்கேன். இத்தனை வருஷத்துல எவ்வளவோ கட்டடம் விரிசல் விட்டுருக்கு, சிலது விழுந்துகூட இருக்கு. அதுக்கெல்லாம் நான் கலங்கினதில்ல. ஏன்னா முறை விழல. கட்டடம் விழுந்தா திருப்பிக் கட்டிக்கலாம். முறை விழுந்தா யாரு கட்டுறது?"

குறிப்பெழுத்தரும் தன் பங்குக்குச் சொன்னார்: "வேற ஒரு சிக்கலும் இருக்கு சார். இது முப்பத்தொன்பது வினாடியில கடந்துடுச்சு. ரெண்டு வினாடி குறையுது."

அறை திகைத்தது. காணாமல் போன இரண்டு வினாடிகள் எங்கே போயின என்று விசாரிக்க மூவர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழு அமைத்தது புறாவுக்கு முன்னாலா பின்னாலா என்று யாரும் கேட்கவில்லை. இயக்குநர் "பார்க்கலாம்" என்றார். லிஃப்டில் இறங்கினார்கள். பத்தொன்பது.

இந்த நாட்களில் மெக்கானிக் ஒரு காரியம் செய்தார். லிஃப்ட் கூண்டுக்கு அடியில் இருபுறமும் இரும்புத் தாடைகள் உண்டு. வடம் தளர்ந்தால் அவை பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு கூண்டை விழாமல் நிறுத்தும். வாரத்துக்கு ஒரு முறை அவற்றுக்கு எண்ணெய் விட்டால் போதும். அவர் தினமும் விட்டார்.

"வடத்துக்குத்தானே வியாதி? தாடைக்கு எதுக்கு வைத்தியம்?" என்று மனைவி கேட்டார், அவர் சட்டையின் எண்ணெய்க் கறையைத் தேய்த்துக்கொண்டே.

"வடத்தைத் தொட உத்தரவு வேணும். தாடைக்கு எண்ணெய் விடுறது என் வேலைப் பட்டியல்லயே இருக்கு. அதை எவனும் ஏன்னு கேக்க முடியாது."

"இதே அக்கறை எனக்குத் தைலம் தேய்க்கிறதுல இருந்திருந்தா முட்டி எப்பவோ சரியாயிருக்கும்."

மூன்றாவது கூட்டத்துக்கு முன் துணை இயக்குநரே ஒரு வழி கண்டுபிடித்தார். சுற்றறிக்கையில் 'புறா திரையைக் கடக்க வேண்டும்' என்றுதான் இருக்கிறது. எப்படிக் கடக்க வேண்டும் என்று இல்லை. ஆகவே அட்டையில் ஒரு புறா வெட்டி, குச்சியில் ஒட்டி, ஓர் ஆள் திரைக்கு முன்னால் இடமிருந்து வலமாகத் தூக்கிக்கொண்டு போனால் போதும். யார் தூக்குவது என்பதற்கு நான்கு நாள் ஆனது. இயக்குநரே எழுந்து நிற்கும் ஒன்றைக் கடைநிலை ஊழியர் கையில் கொடுத்தால், இயக்குநர் கடைநிலை ஊழியருக்கு எழுந்து நின்றதாகிவிடும். கடைசியில் துணை இயக்குநரே தூக்குவது என்று முடிவானது. இரண்டு நாள் தன் அறைக் கதவை மூடிக்கொண்டு பயிற்சி எடுத்தார்.

அன்று நன்றாகத்தான் கிளம்பினார். குச்சியை மேலே, கீழே, மேலே, கீழே என்று அசைத்துக்கொண்டு, முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல், பாதித் திரையைக் கடந்துவிட்டார். அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். வீட்டிலிருந்து மனைவி.

"சொல்லும்மா... இல்லம்மா, மீட்டிங்ல இருக்கேன்... தூக்கிட்டிருக்கேன்... என்னத்தையோ தூக்கிட்டிருக்கேன், விடேன்..."

பேசிக்கொண்டே, பழக்கதோஷத்தில், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடது பக்க ஜன்னலுக்குத் திரும்பி நடந்தார். புறாவும் கூடவே நடந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, அது வந்த வழியே போய் இடது ஓரத்தில் மறைந்தது.

குறிப்பெழுத்தர் வெகுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்:

"சார், புறா வலப்பக்கம் கடந்தா கூட்டம் தொடங்கினதா அர்த்தம். இது இடப்பக்கம் கடந்திருக்கு. அப்ப முன்னாடி தொடங்கின கூட்டமெல்லாம் தொடங்காததா ஆயிடுமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

இதைத் தெளிவுபடுத்தச் சட்டப் பிரிவுக்குக் கோப்பு போனது. தெளிவு வரும்வரை முந்தைய நான்கு வருடத்துக் கூட்ட முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. அவற்றில் எதுவும் நிறைவேறியிருக்கவில்லை என்பதால் நிறுத்திவைப்பதில் சிரமமில்லை.

மெக்கானிக் எண்ணினார். இருபத்தாறு. மனைவியிடம் எண்ணைச் சொல்லவில்லை. "என்னங்க, சாப்பிடாம தட்டையே பாக்கிறீங்க" என்றபோது, "உப்பு ஜாஸ்தி" என்றார்.

"நான் இன்னும் உப்பே போடல" என்றார் மனைவி.

நான்காவது கூட்டத்துக்கு, புறாவை ஓட்டக்கூடிய அந்தப் பழைய மெஷினையே அரங்குக்குக் கொண்டுவருவது என்று தீர்மானமானது. அது தரைத்தளக் கிடங்கில், எலி கடிக்காமலிருக்க ஓர் இரும்பு அலமாரிக்குள், கதவு மட்டும் திறக்கும்படி, வெல்டிங் செய்து பொருத்தப்பட்டிருந்தது. தண்ணீர்ப் பீப்பாய் அளவுக்கு ஒரு மானிட்டர் வேறு. மின்சாரம் போனாலும் புறா பாதியில் நிற்கக் கூடாதென்று அடியில் ஆறு பேட்டரிகள். எட்டுப் பேர் சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு லிஃப்ட் வாசலுக்கு வந்தார்கள். அதை வரவேற்க இயக்குநரே இறங்கி வந்திருந்தார்.

துணை இயக்குநர் மெக்கானிக்கைப் பார்த்தார். "லிஃப்ட் தாங்குமா?"

"அது என்னோட நாலாவது ஸ்லைடுல இருக்கு சார்."

"பரவால்ல, வாயால சொல்லுங்க."

"தாங்காது சார்."

துணை இயக்குநர் குறிப்பெழுத்தரைப் பார்த்தார். குறிப்பெழுத்தர் மூடிய பேனாவைக் காட்டினார். "இன்னும் புறா கடக்கல சார்."

"அப்ப நீங்க சொன்னதா ஆகாது" என்று துணை இயக்குநர் மெக்கானிக்கின் தோளில் தட்டினார். "மேல போய்ப் புறா கடந்ததும் முதல் விஷயமா உங்க ஸ்லைடுதான். தாங்குமா தாங்காதான்னு விரிவா கேட்டுக்கலாம். ஏத்துங்கப்பா."

ஏற்றினார்கள். கூண்டு அரை அங்குலம் இறங்கியது. அதை மெக்கானிக் மட்டும் பார்த்தார். துணை இயக்குநர் அலமாரியைப் பிடித்துக்கொள்ள வலது காலை உள்ளே நீட்டினார். அவர் பின்னால் எட்டுப் பேரும் தயாராக நின்றார்கள்.

 மூன்று மாதமாக நேரான வார்த்தையில் சொல்லி ஒன்றும் நடக்கவில்லை. எனவே மெக்கானிக் இயக்ககத்தின் பாஷையில் பேசினார்.

"சார், ஒரு சந்தேகம். புறாவுக்கு இயக்குநர் ஐயாவே எழுந்து நிக்கிறார். அப்படின்னா அது கூடச் சரிசமமா ஒரே கூண்டுல நிக்கிற தகுதி யாருக்கு இருக்கு?"

துணை இயக்குநரின் கால் அந்தரத்தில் நின்றது. பிறகு வெளியே வந்தது. எட்டுப் பேரும் இரண்டடி பின்வாங்கினார்கள். எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். இயக்குநர் அலமாரியைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், "பார்க்கலாம்" என்றார்.

மெக்கானிக் மனைவிக்குப் போன் போட்டார். "எங்க இருக்கே?"

"ஏழாவதுல, லிஃப்டுக்குத்தான் நிக்கிறேன். கேன்டீனுக்கு வரணும்."

"கதவுக்கிட்ட நிக்காதே. உன் சீட்டுல போய் உக்காரு. ஏன்னு கேக்காதே."

போனை வைத்துவிட்டு, வெளியிலிருந்தே கையை நீட்டி ஒன்பதாம் பொத்தானை அழுத்தினார். கதவு மூடியது. கதவுக்கு மேல் எண்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. எல்லோரும் எழுந்து நிற்கும் முறையிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். மூன்று. நான்கு. ஐந்து. ஆறு.

பெரிய ஒலி ஒன்று கேட்டது. சாட்டை சொடுக்கியது போல இன்னொன்று. பிறகு இரும்பு இரும்பைக் கவ்வும் கிறீச் சத்தம் ஒன்பது மாடிகளிலும் ஓடி ஓய்ந்தது. கூண்டு விழவில்லை. எண்ணெய் வீண்போகவில்லை. மெக்கானிக் போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்.

அவர் போன் அடித்தது.

"என்னங்க, ஒரு சத்தம் கேட்டுச்சு. உங்க புறாவா?"

"ஆமா."

"இங்க வரலையே."

"வராது. நீ பத்திரமா இருக்கேல்ல?"

"எனக்கென்ன. பசிக்குது, அவ்வளவுதான்."

லிஃப்ட் வாசலில் அந்த இடத்திலேயே ஆலோசனை நடந்தது.

"மெஷினை உடனே வெளியே எடுக்கணும்" என்றார் துணை இயக்குநர்.

"புது வடம் போட்டு லிஃப்டை ஓட்டினாத்தான் எடுக்க முடியும் சார்" என்றார் மெக்கானிக்.

"போடுங்க."

"குழு ஒப்புதல் வேணும் சார்."

"கூட்டத்தைக் கூட்டுவோம்."

"புறா கடக்கணுமே சார்" என்றார் குறிப்பெழுத்தர்.

 எல்லோர் தலையும் மெதுவாக மேலே நிமிர்ந்தது.

இயக்குநர் தன் பதவிக்காலத்தில் முதல் முறையாக வேறு வார்த்தை பேசினார்.

"படி எங்கே இருக்கு?"

அவர் நான்காவது மாடிவரை ஏறினார். அன்றைக்கே இயக்குநர் அலுவலகம் தரைத்தளத்துக்கு மாற்றப்பட்டது. தரைத்தளத்தில் டைப்பிஸ்ட் கிடையாது என்பதால், மெக்கானிக்கின் மனைவியை ஏழாவது மாடியிலிருந்து நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள். 'ஸ்லைடு போட்டு மூணு மாசம் அலைஞ்சீங்களே' என்று சொல்ல நினைத்தவர், கணவரின் சட்டையிலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டார்.

மெக்கானிக்கின் ஐந்து ஸ்லைடுகளை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. 'பொருள்: லிஃப்டை நிறுத்தக் கோருதல். லிஃப்ட் நின்றுவிட்டபடியால் மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கோப்பு முடிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் எண்ணெய் அதிகம் செலவழித்ததற்கு மட்டும் அவரிடம் விளக்கம் கேட்டார்கள்.

புறா ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் இருக்கிறது. அதனால் ஏழு மாதமாக இயக்ககத்தில் ஒரு கூட்டமும் தொடங்கவில்லை.

ஊரில் உள்ள கட்டடங்களில் எந்த மாற்றமும் தெரியவில்லை.